தாயின் உடலும் அமானிதமே

சென்ற மாதம் கீழப்பழுவூரில் ஓர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி தயங்கியவாறு கேட்டார்:

“ஹழ்ரத், மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பு கனத்துவிட்டது. ஸுஜூதிலிருந்து எழ முடியாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுதேன். சாலையில் ஓயாமல் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுவதால், அஸருக்குப் பின் மொட்டை மாடியிலேயே நடக்கத் தொடங்கினேன். டாக்டரம்மா சொல்லித் தந்த பயிற்சியும் செய்தேன். ஆறு மாதமாயிற்று. இப்போது நின்று தொழுகிறேன். கண்ணாடி முன் நிற்கவும் கூச்சமில்லை. ஆனால், ‘பிள்ளை பெற்றவளுக்கு இனி உடம்பைப் பற்றி என்ன? இது பெருமையல்லவா?’ என்கிறார்கள். நான் செய்வது பாவமா?”

பாவமில்லை என்று கூறிவிட்டு வந்தோம். ஆயினும், ஒரு முஸ்லிம் பெண் இப்படிக் கேட்கும் நிலை ஏன் வந்தது என்ற எண்ணம் நம்மை விடவில்லை.

பெருமை என்பது யாது? நல்ல உடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டது. உண்மையை மறுப்பதும், மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று அவர்கள் விளக்கினார்கள். உடலைப் பேணும் தாய் எந்த உண்மையை மறுக்கிறாள்? யாரை இழிவாக எண்ணுகிறாள்? ஓயாது நோன்பிருந்து இரவெல்லாம் வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கும், உடலுக்குரிய உரிமையை நபியவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்திற்காகக்கூடப் பறிக்கலாகாத உரிமையை ஊர்ப் பேச்சுக்காகப் பறிக்கலாமா?

பிள்ளையைச் சுமக்கும் தாய் அடையும் பலவீனத்தைத் திருமறையின் லுக்மான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அப்பலவீனம் பிரசவத்தோடு தீர்வதில்லை. வயிற்றுத் தசைகள் விலகுகின்றன. இடுப்புத் தசைகள் தளர்கின்றன. கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்டவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுதி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உடையோர். மருத்துவர் அனுமதித்தபின் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவையென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

எடை கூடியதற்காக ஒரு பெண்ணை நகைக்கவும் மார்க்கத்தில் இடமில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை நபியவர்களுடன் ஓடி முந்தினார்கள். பின்னாளில் உடல் சதைப்பிடித்திருந்தபோது மீண்டும் ஓட, நபியவர்கள் முந்தி, முன்னதற்கு இது ஈடு எனச் சிரித்தார்கள். அன்னையவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. எனினும், மாறிய உடலைக் கண்டு விலகாமல் மனைவியோடு ஓடிய அந்த அன்பு எல்லாக் கணவர்களுக்கும் பாடமன்றோ!

நம் நாட்டு டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா 2018 அக்டோபரில் மகனைப் பெற்றார். பின்னர் 26 கிலோ எடை குறைத்து, 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இரட்டையர் பட்டம் வென்றார். அவருடைய விளையாட்டு உடை பற்றிய விவாதம் இங்கு வேண்டாம். பிரசவத்தோடு உடலின் ஆற்றல் முடிந்துவிடாது என்பதற்கே கூறினோம். அவருக்கு வாய்த்த வசதிகள் நம் சகோதரிக்கு இல்லை. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு மாடியும் அரை மணி நேரமும்தான். அந்த அரை மணியை யார் தருவது?

ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, உம்முத்தர்தா (ரலி) அவர்கள் தம்மைப் பேணாத கோலத்தில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு உலகில் நாட்டமில்லை என்பதே பதில். ஸல்மான் (ரலி) அவர்கள் மனைவியைக் கண்டிக்கவில்லை. கணவருக்கே, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடுக்கும்படி அறிவுறுத்தினார்கள். நபியவர்களும் அதனை உண்மையென ஏற்றார்கள். ஆகவே, மனைவி தன்னை மறந்த வீட்டில் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவன் கணவனே!

இதை எழுதும் நாமும் விலக்கல்ல. நம் வீட்டில், “உனக்கென்று எப்போது நேரம்?” என்று அன்றிரவுதான் முதன்முதலாகக் கேட்டோம். பதிலாகச் சிரிப்பு மட்டுமே வந்தது. இப்போது அஸர் முதல் மஃரிப் வரை பிள்ளைகள் நம் பொறுப்பில்.

சகோதரிகளே! பிறர் உடலோடு ஒப்பிடாதீர்கள். வயிற்றுத் தழும்பு வெட்கத்திற்குரியதன்று. வணக்கத்திற்கும் வாழ்வுக்கும் வலிமை வேண்டும் என்ற நிய்யத்தோடு நடங்கள். அமானிதத்தைப் பேணும் உள்ளத்தையும், அதற்குத் துணை நிற்கும் கணவரையும் அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.