ஒரு குப்பி எண்ணெயும் வெறும் பாத்திரங்களும்

(2 அரசர் 4: 1-7)



எலிசா இறைவாக்கினரிடம் ஒரு கைம்பெண் அழுதுகொண்டு ஓடிவந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதைக் கேட்டவுடன் எண்ணெய் பெருகிய புதுமையே நம் நினைவில் நிற்கின்றது. எண்ணெய் பெருகுவதற்கு முன்னர் அந்த வீட்டுக்குள் என்னென்ன நடந்தன என்பதை நாம் கவனிப்பதில்லை. இன்று அதைத்தான் சற்று நின்று பார்க்க விரும்புகின்றேன். ஏனெனில் அந்த வீடு வன்னியில் எந்தக் குடியேற்றத்திலும் காணக்கூடிய வீடு. கணவர் இல்லை. பிள்ளைகள் இருவர். கடன் கொடுத்தவன் படலையடிக்கு வந்துவிட்டான். பணம் இல்லையென்றால் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோகப் போகிறான்.

இறந்தவர் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர், கடவுளுக்கு அஞ்சி நடந்தவர். ஆனாலும் கடனோடுதான் இறந்தார். எலிசா அதைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கடன்பட்டீர்கள், யாரைக் கேட்டுப் பட்டீர்கள் என்று விசாரிக்கவில்லை. நாமோ துணையை இழந்த ஒரு பெண் உதவி கேட்டு வந்தால், முதலில் அவளை விசாரணைக்கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் மற்றக் கதைக்கு வருகின்றோம்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2010இல் அரசின் பிரதியமைச்சர் ஒருவர், வடக்கிலும் கிழக்கிலும் கைம்பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்றும் அவர்களில் 40,000 பேர் வடக்கில் உள்ளவர்கள் என்றும் கூறினார். அன்று இடுப்பில் இருந்த குழந்தைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். ஆயினும் தனித்து நிற்கும் தாயின் வீடு நம் பங்குகளில் குறையவில்லை. கணவர் விட்டுப்போன வீடு, குடியினால் பிரிந்த வீடு, நோயினால் சாய்ந்த வீடு என்று அது தொடர்கின்றது. இவர்களோடு, கணவர் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல மனம் வராமல் வாழ்பவர்கள் இருக்கின்றார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்துக்கு அமர்ந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே அமர்ந்த தாய்மாருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட தாய்மாருக்குக் கோவிலில் நாங்கள் பெரும்பாலும் பொறுமையைத்தான் போதித்து வந்திருக்கின்றோம். அந்தக் குறை எனக்கும் உண்டு. எலிசா பொறுமையைப் போதிக்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அவளுடைய முதல் மறுமொழி, ஒன்றுமில்லை என்பது. பிறகுதான், ஒரு குப்பி எண்ணெய் இருக்கிறது என்று நினைவு வருகின்றது. துன்பத்தில் இருப்பவர்களுக்கு இது இயல்பு. வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஆகையால் தாய்மாரே, ஒருநாள் இரவு பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் மிஞ்சிய தாள்களை எடுத்து எழுதிப் பாருங்கள். கூலி எவ்வளவு, 2023 முதல் சமுர்த்திக்குப் பதிலாக வரும் அஸ்வெசும எவ்வளவு, கோழி முட்டை எவ்வளவு, வளவில் நிற்கும் முருங்கையும் தேசியும் எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மறுபக்கத்தில் கடன்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. இந்த இரண்டாம் பக்கத்தை எழுதத்தான் கை நடுங்கும். கடனின் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கப் பயந்து, வருகிறவனுக்கு வருகிறபடி கொடுத்துக்கொண்டு வாழும் வீடுகள் அநேகம். கூட்டிப் பார்த்த அன்று இரவு நித்திரை வராது, உண்மைதான். ஆனால் மறுநாள் முதல் எதோடு போராடுகிறோம் என்பதாவது தெரியும்.

வீட்டில் இருப்பவற்றுள் பத்திரங்களும் அடங்கும். 2009இல் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, முள்ளிவாய்க்கால் என்று ஓடிய நாட்களில், சட்டி பானையை விட்டவர்களும் பத்திரப் பையை விடவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம் யாவும் அதற்குள் இருந்தன. அதைத் தவறவிட்டவர்கள் பின்னர் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை நடை நடந்தார்கள்! இப்போது ஓட்டம் இல்லை, பையும் இல்லை. ஒரு பத்திரம் மெத்தைக்கடியில், ஒன்று அரிசிப் பெட்டிக்குள், இன்னொன்று தங்கை வீட்டில். அந்தப் பையை மறுபடியும் எடுத்து, மழை ஒழுக்குப் படாத ஓர் ஆணியில் மாட்டுங்கள். மூத்த பிள்ளைக்கு இடத்தைக் காட்டி வையுங்கள். கணவர் காணாமற்போன தாய்மாருக்கு இன்னுமொன்று சொல்வேன். அவர் இறந்துவிட்டார் என்று கையொப்பம் வைக்க மனம் இடந்தராதபோது, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதையே காட்டும் ஒரு சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டில் சட்டம் வழி செய்தது. அலுவலகங்களில் அதைக் கேட்கலாம். கேட்பதனால் உங்கள் நம்பிக்கையை நீங்கள் விட்டுக்கொடுத்தவர்கள் ஆகமாட்டீர்கள்.

அடுத்து எலிசா சொன்னது விசித்திரமானது. அயலவர் எல்லாரிடமும் போய் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வா, கொஞ்சமாய் வாங்காதே என்றார். கவனியுங்கள்: கடனால் நொந்துபோன அவளை மேலும் பணம் கடன் வாங்கும்படி அனுப்பவில்லை. நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. போர் முடிந்தபின் நுண்கடன் கொடுப்போர் வீடு தேடி வந்தார்கள். ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். கச்சானும் நெல்லும் பருவத்துக்குத்தான் பணமாகும். கடன்காரனோ கிழமைக்குக் கிழமை வந்தான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று அது வளர்ந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்டிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியதாயிற்று. கட்டாயம் கடன் வேண்டுமென்றால், ஊரிலுள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தை முதலில் நாடுங்கள். அங்கே உங்கள் நிலைமை தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

இந்த வெறும் பாத்திரம் என்ன என்று அயலவர்களாகிய நாமும் கேட்டுக்கொள்வோம். அதற்கு விலை இல்லை. நம் வீட்டில் சும்மா கிடப்பதுதான். ஆடைத் தொழிற்சாலை பஸ் விடியமுன் வந்து தாயை ஏற்றிக்கொண்டு போகிறது. பள்ளிக்கூட மணி ஏழரைக்கு. இடையில் உள்ள நேரத்தில் அந்தச் சின்னப்பிள்ளையைத் தன் பிள்ளையோடு சேர்த்து வாசல்வரை கூட்டிப்போவது ஒரு வெறும் பாத்திரம். சைக்கிளில் பிரதேச செயலகம் போகிறவர், வருகிறீர்களா அக்கா என்று கேட்பது இன்னொன்று. ஒரு கூட்டத்தில் ஆண்மகன் ஒருவர் உதவப் போனால் ஊர் கதைக்கும் என்று சிலர் சொன்னார்கள். ஊர் கதைக்கும்தான். அப்படியானால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகாமல் விடுவதற்கு அது காரணமாகாது. பங்கிலும் நாங்கள் மாற வேண்டும். மரியாயின் சேனைக் கூட்டத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கு வைத்துவிட்டு, இன்னார் வருவதில்லை என்று குறைப்படுகின்றோம். நான்கு மணிக்கு அவர் களைபிடுங்கின வயலிலிருந்து இன்னும் கரையேறவில்லை.

பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இது. உதவிக்காக அயலெல்லாம் திறந்த கதவு, வேலைக்காகச் சாத்தப்படுகின்றது. கடன்காரனும் கதைகாரரும் வெளியே. தாயும் இரு பிள்ளைகளும் உள்ளே. நாள்தோறும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணித்தியாலம் இப்படிக் கதவைச் சாத்த முடியுமா? தொலைபேசியும் தொலைக்காட்சி நாடகமும் அந்த நேரம் வெளியே நிற்கட்டும். நாளைக்குரிய கொப்பி பைக்குள் போகட்டும். தேங்காய் துருவியோ புட்டுக்கு மா வறுத்தோ வைத்தாயிற்றா என்று பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை கழற்றிய வெள்ளைச் சட்டை ஞாயிறு இரவுவரை மூலையில் கிடந்தால், திங்கட்கிழமை சண்டையோடுதான் விடியும். சண்டையோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு முதல் இரண்டு பாடமும் ஏறாது.

அந்த வீட்டில் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? அவளுடைய மகன்மார். தாய் ஊற்றினாள்; பையன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கின்றது? தாய் வேலைக்குப் போனால் பத்து வயதுப் பெண்பிள்ளை தாயாகிவிடுகிறாள். தண்ணீர் அள்ளுவதும், தம்பியைக் குளிக்க வார்ப்பதும், கறி வைப்பதும் அவள். அண்ணன் பந்தடிக்கப் போய்விட்டான், அவன் ஆம்பிளைப்பிள்ளையாம். க.பொ.த. சாதாரண தரத்தோடு அவள் படிப்பு நின்றுபோவதும், இருபது வயதில் அவனுக்குத் தன் சட்டையைத் தோய்க்கத் தெரியாமல் போவதும் அங்கேதான் தொடங்குகின்றன. தாய்மாரே, இந்தப் பாகத்தை உங்கள் மகன்மாருக்கு வாசித்துக் காட்டுங்கள். பாத்திரம் நீட்டினதால் அவர்களுடைய ஆண்மை குறைந்ததாக வேதத்தில் இல்லை.

தனித்து நிற்கும் தகப்பன்மாரும் இதைக் கேட்கின்றீர்கள். மனைவி இறந்தவர்களும், மனைவி மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் நம்மிடையே உண்டு. பிரான்ஸ் நாட்டு லூயி மார்ட்டின் என்பவருக்கு 1877 ஓகஸ்ட் மாதத்தில் மனைவி செலி புற்றுநோயால் இறந்தபோது, ஐந்து பெண்பிள்ளைகள் கையில். கடைசிப் பிள்ளைக்கு வயது நான்கு. அவர் என்ன செய்தார் தெரியுமா? என் வீட்டை நானே பார்ப்பேன் என்று மார்தட்டவில்லை. தாம் வாழ்ந்த அலான்சோன் பட்டணத்தை விட்டு, அதே ஆண்டு நவம்பரில் மனைவியின் சகோதரர் குடும்பம் இருந்த லிசியே பட்டணத்துக்குப் பிள்ளைகளோடு குடிபெயர்ந்தார். மாமன் மாமியின் கண்பார்வை பிள்ளைகளுக்குக் கிடைத்தது. மூத்த பெண்கள் இளையவளை வளர்த்தார்கள். அந்த இளையவள்தான் நம் சிறுமலர் திரேசம்மாள். தகப்பனையும் தாயையும் 2015 ஒக்டோபர் 18ஆம் நாள் திருச்சபை ஒன்றாகவே புனிதர்களாக உயர்த்தியது. உதவி கேட்டு இடம்பெயர்ந்த தகப்பன் பீடத்தில் நிற்கிறார் என்பதை, வெட்கப்பட்டுக்கொண்டு குடிக்குள் ஒளிந்திருக்கும் தகப்பன்மார் நினைத்துப் பார்க்கட்டும்.

பாத்திரங்கள் நிரம்பின. உடனே சந்தைக்கு ஓடாமல், அவள் மறுபடியும் இறைவாக்கினரிடம் வந்து கேட்கிறாள். எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் சீவியுங்கள் என்கிறார் அவர். முதல் கடன், பிறகு சீவியம். அறுவடைக் காசு கைக்கு வந்த கிழமையில் இந்த ஒழுங்கு தலைகீழாவதை நாம் அறிவோம். சாமத்தியச் சடங்குக்கும் முதல்நன்மைக்கும் மண்டபமும் வீடியோவும் வேண்டுமென்று அயலார் அவளை நெருக்குகின்றார்கள். முதல்நன்மைக்கு ஒரு சுத்தமான வெள்ளைச் சட்டை போதும். இதை நான் பீடத்தில் நின்று சொல்லுகின்றேன். இதற்கு மேல் கேட்கும் உறவினரை என்னிடம் அனுப்புங்கள்.

எண்ணெய் எப்போது நின்றது? பாத்திரம் முடிந்தபோது. அதற்குமேல் அவளும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. அன்று இரவு அவள் நித்திரை கொண்டிருப்பாள் என்றே நினைக்கின்றேன்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் பூசை முடிந்து வந்து என்னிடம் கேட்டார்: “பாதர், செபமாலை தொடங்கினா ரெண்டாம் பத்து மணி முடியிறதுக்குள்ள நித்திரை தூக்கியடிக்குது. இது பாவமோ?” கச்சான் பிடுங்கிக் காய்த்துப்போன கைகள். நான் அவருக்குத் திரேசம்மாளைப் பற்றித்தான் சொன்னேன். மடத்தில் அவரும் செபநேரத்தில் தூங்கிவிழுந்தவர். விழித்திருக்கும் பிள்ளையைப் போலவே தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்கு விருப்பமானதுதான் என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தத் தாய் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப சரி பாதர். மூண்டாம் பத்தில இருந்து மூத்தவன் சொல்லட்டும். அவனுக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.”