பலாவடியில் ஒரு வழக்கு

(ஆலங்குடி வட்டம், வடகாடு. பலாத்தோப்பு. சித்திரை வெயில்.)

சீடன்: ஐயா, பலா பூக்காமலே காய்க்கும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இதில் நான் ஒரு பூவையும் கண்டதில்லை.

குரு: பூ என்று நீ எதைச் சொல்கிறாய்?

சீடன்: பாடத்தில் உள்ளதைத்தான். வெளியே பச்சையாகப் புல்லி வட்டம், அடுத்து நிறமாக அல்லி வட்டம், பிறகு மகரந்தத் தாள்கள், நடுவில் சூலகம். செம்பருத்தியைப் பிரித்தால் நாலும் தெரியும்.

குரு: நாலில் எது போனால் பூ பூவாக இராது?

சீடன்: அல்லி?

குரு: கீரமங்கலத்துப் பூக்கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள், அங்கே விலை அல்லிக்குத்தான். செடிக்கு மகரந்தமோ சூலோ இருந்தால் போதும். இரண்டும் ஒரே பூவில் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. மேல்கிளையைப் பார். விரல் நீளத்தில் தொங்குவது ஆண் கதிர், நூற்றுக்கணக்கான பூக்கள் சேர்ந்தது. மகரந்தத்தை உதிர்த்ததும் கறுத்து விழுந்துவிடும். பிஞ்சு கொட்டுகிறதே என்று கவலைப்படுகிறோமே, அவற்றில் பலவும் இவைதான்.

சீடன்: பெண் பூ?

குரு: அடிமரத்தில். பிஞ்சின் மேலுள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் தலை. இளம் பருவத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் சூல்முடி மயிரிழையாக வெளியே நீட்டி நிற்கும்.

சீடன்: அப்படியானால் ஒரு பலாப்பழம் ஒரு பழமே இல்லையே!

குரு: கத்தியில் எண்ணெய் தடவு. பிளந்து பார்த்தே பேசுவோம்.

(பிளக்கிறான். பால் கையில் பிசுபிசுக்கிறது.)

குரு: இந்த நடுத்தண்டுதான் பூங்கொத்தின் காம்பு. ஒரு சுளை, ஒரு பூ. நீ தின்னும் சதை, பூவுறை பருத்தது. சூலகம் வளர்ந்து உண்டான கனி, கொட்டையை ஒட்டி வழுவழுவென்று வரும் தோலோடு முடிந்துபோகிறது. அதைத்தான் துப்பிவிடுகிறோம்.

சீடன்: இந்தச் சடை?

குரு: கருவுறாத பூக்கள்.

சீடன்: சுளையைவிடச் சடைதானே அதிகம்! இத்தனை பூவும் வீணா?

குரு: யார் பக்கம் நின்று வீண் என்கிறாய்? மாட்டைக் கேள், சடைதான் பழம் என்னும்.

சீடன்: இதில் தேனீ மொய்த்துப் பார்த்ததில்லையே. மகரந்தத்தை யார் கொண்டுவருகிறார்கள்?

குரு: காற்று என்று பலர் எழுதிவந்தார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்த்த பலாக்களை ஆராய்ந்தவர்கள், கொசுபோன்ற ஒரு சின்னஞ்சிறு ஈதான் என்று 2018இல் எழுதினார்கள். ஆண் கதிரில் குஞ்சு பொரித்து வளரும் அந்த ஈ, பெண் கதிருக்கும் போய்வருகிறது.

சீடன்: அதற்குப் பிறகு?

குரு: சூல்முடியில் ஒட்டிய மகரந்தத்தூள் ஒரு குழாய் விட்டு இரண்டு ஆண் அணுக்களை இறக்கும். ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகும். மற்றொன்று நடு உயிரணுவோடு கூடிக் கருவூணாகும், அதாவது கருவுக்குச் சாப்பாடு. இந்த இரட்டைக் கூடலை 1898இல் நவாஷின் லில்லிப் பூவில் கண்டு சொன்னார். நீ குடிக்கும் இளநீர், தென்னையில் அந்த இரண்டாவது கூடலால் வந்தது. பலாவில் அது வித்திலைகளுக்குள் போய்விடுகிறது. அவித்த கொட்டை மாவாக இருப்பது அதனால்தான்.

சீடன்: இந்தக் கொட்டையை ஊன்றினால் இதே இனிப்பு வருமா?

குரு: வரலாம், ஆனால் யாரும் வாக்குக் கொடுக்கமுடியாது. தாய் இங்கே நிற்கிறது, தகப்பன் எந்த மரமோ.

சீடன்: 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வீட்டுப் பலாவைச் சாய்த்தது. அதன் கொட்டையில் வந்த கன்று இப்போது நிற்கிறது. அதே மரம் என்றுதான் அப்பத்தா தண்ணீர் ஊற்றுகிறது.

குரு: அது பிள்ளை. அதே மரம் வேண்டுமென்றால், சாயும் முன்பே குச்சி எடுத்து ஒட்டுக் கட்டியிருக்கவேண்டும். மல்லிகையைப் பார். மொட்டிலேயே கிள்ளிவிடுகிறோம், விதைக்கு வழியில்லை. பதியன் போட்டுப் போட்டு ஒரே செடிதான் ஊரெங்கும் நிற்கிறது.

சீடன்: அப்படியானால் மல்லிகைக்குச் சாவில்லை. அதுதானே மேல்?

குரு: ஒன்றைக் கொல்லும் நோய் அத்தனையையும் கொல்லுமே! கலந்து பிறந்த பலாவில் நாலு போனாலும் ஒன்று தாங்கக்கூடும்.

சீடன்: அப்பத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது?

குரு: ஏன் சொல்லவேண்டும்? பிள்ளைக்கும் தண்ணீர் வேண்டும்தானே. கன்று முதலில் ஆண் கதிராகவே விடக்கூடும். மலட்டு மரம் என்று வெட்டிவிடாதீர்கள். இந்தக் கொட்டையையும் காயவிடாதே, காய்ந்தால் முளைக்காது. இன்றைக்கே ஊன்று.