யார் சுவர், யார் சித்திரம்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. அது யாருடைய சுவர் என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

வேலூர் லாங் பஜாரில் ஒரு மண்டியின் முன்னால் நின்றபோது எனக்கு இந்த யோசனை வந்தது. 'நோட்டீஸ் ஒட்டாதீர்கள்' என்று எழுதியிருந்த சுவரில், அந்த எழுத்துக்குக் கீழேயே யாரோ அடுப்புக்கரியால் ஒரு மாட்டை வரைந்திருந்தார்கள். வண்டியை இழுத்துக்கொண்டு மேடு ஏறுகிற மாடு. நாலைந்து கோடுகள்தாம், ஆனால் கழுத்தில் இருக்கும் பாரம் தெரிந்தது. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் வரைந்திருக்கலாம்.

மண்டிக்காரரிடம், "படம் நன்றாக இருக்கிறதே" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா சொவரு என்னுதாச்சே! பொங்கலுக்கு வெள்ளையடிச்சா போயிடும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறு என்ன?

இந்த வழக்கு பழையது. இலங்கையில் சிகிரியாக் குன்றின்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் மாளிகை கட்டினான். அங்கே மெருகேற்றிய சுவர் ஒன்று உண்டு. கண்ணாடிச் சுவர் என்று பெயர். பிற்காலத்தில் பார்க்க வந்தவர்கள், பாறையில் தீட்டியிருந்த பெண்களைக் கண்டு மயங்கி, அந்தச் சுவரில் பாட்டுப் பாட்டாகக் கீறிவிட்டுப் போனார்கள். அறிஞர் செனரத் பரணவிதான 1956-ல் அவற்றில் 685 பாடல்களைப் பதிப்பித்தார். இன்று அவை சிங்கள இலக்கியத்தின் செல்வம்.

அதே சுவரில் 2015-ல் ஓர் இளம்பெண் தன் பெயரைக் கீறினாள். இரண்டு வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிறகு ஜனாதிபதி மன்னித்து விடுவித்தார்.

அப்படியானால், ஆயிரம் வருஷம் கழிந்தால் குற்றம் கலையாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. பழையவர்களும் தங்கள் பெயரை எழுதினார்கள். ஆனால் பெயரோடு நிற்கவில்லை, கண்டதையும் சொன்னார்கள். அதனால்தான் இன்றும் படிக்கிறோம். சிறுவயதில் நானும் கோட்டைச் சுவர் ஒன்றில் ஆணியால் என் பெயரைக் கீறியிருக்கிறேன். அதில் 'நான்' மட்டுமே இருந்தது. அதை யார் ரசிப்பார்கள்?

அனுமதி பெற்று வரையலாமே என்று கேட்கலாம். சென்னைக் கண்ணகி நகரில் 2020-ல் குடியிருப்புச் சுவர்களில் அப்படித்தான் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் மூட்டை தூக்குகிறவர் யாரிடம் போய்ச் சுவர் கேட்பார்? லாங் பஜாரில் கடைக்குக் கடை முதலாளியின் பெயர் பலகையில் பெரிதாக நிற்கிறது. அதை நாம் அசிங்கம் என்று சொல்வதில்லை. பணம் இல்லாதவன் எழுதினால் மட்டும் கிறுக்கல் என்கிறோம்.

இதற்காக அடுத்தவன் சுவரில் கைவைப்பது நியாயமாகிவிடாது. படத்தை ரசிப்பதற்காகத் தவற்றை மறைக்க வேண்டியதில்லை. தவற்றைக் கண்டிப்பதற்காகப் படம் மட்டம் என்று பொய் சொல்லவும் வேண்டியதில்லை. சுவருக்கு ஒரு தீர்ப்பு, சித்திரத்துக்கு ஒரு தீர்ப்பு. இரண்டையும் ஒரே மனம் சொல்ல முடியும். அந்த மண்டிக்காரர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாரே!

பொங்கலுக்கு அவர் வெள்ளையடிக்கட்டும். அதுவரை அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று அந்த மாட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம்.