யாருக்காக மறைத்தாள்?

பெண்ணின் வாயில் இரகசியம் தங்காதாம்! திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மெல்லும் பெரியவரும் சொல்கிறார். பட்டம் பெற்று, மின்விசிறிக்கடியில் வீற்றிருக்கும் சின்னவரும் சொல்கிறார். வேறெதிலும் ஒத்துப்போகாத இவ்விருவரும் இதில் மட்டும் உடன்பிறப்புகள். ஆதாரம் என்ன என்று கேட்டுவிட்டாலோ, கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பர். "பாரதத்திலேயே இருக்கிறதே, படித்ததில்லையா?" என்பார் பெரியவர்.

படித்திருக்கிறோம். மீண்டும் ஒருமுறை படிப்போம் தோழர்களே, சற்றுப் பொறுமையுடன்.

போர் முடிந்துவிட்டது. கங்கைக் கரையிலே மாண்டோருக்கு நீர்க்கடன் நடக்கிறது. அப்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள் - கர்ணனும் உங்களுக்கு மூத்தவனே, அவனுக்கும் நீர்க்கடன் செய்யுங்கள் என்று. அண்ணனையா கொன்றோம் என்று துடிக்கிறான் தருமன். துடித்தவன் சபிக்கிறான்: இனி எந்தப் பெண்ணாலும் எதையும் மறைத்து வைக்க இயலாமற் போகட்டும்!

சாபத்துக்குக் காரணம் என்ன? குந்தி உளறிவிட்டாள் என்பதா? இல்லை, உளறாமல் இருந்தாள் என்பது! கன்னிப் பருவத்திலே பெற்ற பிள்ளையைப் பற்றி, மணந்த கணவனுக்கும் மற்ற மக்களுக்கும் ஒரு சொல் கசியவிடாமல், இரு திறத்தாரும் வில்லேந்தி நின்ற நாளிலும் வாய் திறவாமல் காத்தாளே, அந்தக் குற்றத்துக்காகச் சபிக்கப்பட்டாள். இரகசியத்தை ஒருத்தி அளவுக்கு மீறிக் காத்ததனால், பெண்ணினம் முழுவதும் இரகசியம் காக்க இயலாததாகிவிட்டதாம்! நம் மாணவன் விடைத்தாளில் இப்படி ஒரு முடிவை எழுதினால் சுழியம் போடுவோம். இதிகாசத்தில் இருந்தால் கைகூப்புகிறோம். சாபம் கதிரவன் பக்கம் திரும்பவே இல்லை என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.

சாபம் பலித்ததா? அண்மைக் காலத்துப் போர் ஒன்றில் சோதித்துப் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, இலண்டனுக்கு வடமேற்கே பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில், பகைவரின் மறைமொழியை உடைக்கும் பணி நடந்தது. ஜெர்மானியரும் இத்தாலியரும் எனிக்மா என்னும் பொறியால் தம் செய்திகளைக் குழப்பிக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்புவர். அதைப் பிடித்து, பிரித்து, பொருள் காண வேண்டும். போரின் இறுதியில் அங்கே வேலை செய்தவர் ஏறத்தாழ 10,000 பேர். நால்வரில் மூவர் பெண்கள்!

அவர்களில் ஒருத்தி மேவிஸ் லீவர். வயது 19. கல்லூரியில் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தவள், 1940-இல் படிப்பை விட்டு வந்தாள். எனிக்மாவுக்கு ஒரு குணம் உண்டு. எந்த எழுத்தையும் அது அதே எழுத்தாகத் திருப்பித் தராது. ஒருநாள் நீண்ட செய்தி ஒன்று அவள் கைக்கு வந்தது. அதிலே 'எல்' என்னும் எழுத்து ஓரிடத்திலும் இல்லை. நீங்களும் நாமும் கண்டிருந்தால் தாளைப் புரட்டியிருப்போம். அவளோ நின்று எண்ணினாள். சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லப்பட்ட சோம்பேறி எவனோ, விசைப்பலகையின் கடைசி எழுத்தாகிய 'எல்'லையே தொடக்கம் முதல் முடிவு வரை தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்! அந்தச் சோம்பலின் வழியே பொறியின் உள்ளமைப்புக்குள் நுழைந்துவிட்டாள். 1941 மார்ச்சில் அவளும் தோழியரும் உடைத்த செய்திகளால் இத்தாலியக் கடற்படையின் திட்டம் முன்கூட்டியே தெரிந்தது. மட்டபான் முனையருகே நடந்த போரில் இத்தாலியர் மூன்று பெரும் போர்க்கப்பல்களையும் இரண்டு நாசகாரிக் கப்பல்களையும் இழந்தனர். மறைமொழி உடைந்ததைப் பகைவர் உணராதிருக்க, உளவு விமானம் ஒன்றை முதலில் பறக்கவிட்டு, கண்ணால் கண்டு பிடித்தது போல் நடித்தது பிரிட்டிஷ் கடற்படை.

இன்னொருத்தி ஜோன் கிளார்க். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவள். ஆயினும் 1948 வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்ததில்லை. மறைமொழி உடைக்கும் பெண்ணுக்கு அலுவலகப் பட்டியலில் பதவிப் பெயரும் இல்லை. ஊதியம் உயர்த்துவதற்காக 'மொழி வல்லுநர்' என்று அவளை எழுதிவைத்தனர். படிவத்திலே 'பதவி: மொழி வல்லுநர்; அறிந்த மொழிகள்: ஏதுமில்லை' என்று நிரப்புவதில் அவளுக்கு ஒரு மகிழ்ச்சி.

போர் 1945-இல் முடிந்தது. பெண்கள் வீடு திரும்பினர். எங்கே இருந்தாய் என்று தாய் கேட்டாள். எழுத்தர் வேலை என்றனர். கணவன் கேட்டான், அதே விடை. மகள் மறைமொழி உடைத்தவள் என்பதை அறியாமலே கண்ணை மூடிய பெற்றோர் பலர். 1974-இல் விண்டர்பாதம் என்னும் விமானப்படை அதிகாரி அரசின் இசைவோடு நூல் வெளியிட்டு முழுக் கதையையும் உடைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! ஆயிரக்கணக்கான பெண்கள்! தருமனின் சாபம் என்னவாயிற்று?

இது ஏதோ தொலைதூரத்துச் சங்கதி என்று எண்ணவேண்டாம். ஜப்பானியக் கடற்படையின் தந்திகளைக் கேட்டு எழுதும் பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் கடற்படைப் பெண்கள், பெட்டி ஆர்ச்டேல் என்பவரின் தலைமையில் 1941-இல் சிங்கப்பூருக்கு வந்தனர். (இந்த அம்மையார் இங்கிலாந்துப் பெண்கள் கிரிக்கெட் அணியின் முதல் தலைவர்.) சிங்கப்பூர் வீழுமுன் அவர்கள் கொழும்புக்கு மாறினர். 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பின்மீது குண்டு விழுந்தது. தாக்குதல் வரப்போவதை அங்கிருந்த மறைமொழி நிலையம் முன்பே உணர்ந்து சொல்லியிருந்ததால், துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறிவிட்டன. அந்த மாதத்தில்தான் சென்னை நகரமே மூட்டை முடிச்சோடு வெளியேறியது. நம் பாட்டன்மார் இரயிலில் இடம்பிடிக்க முண்டியடித்த நாட்களில், பாக் நீரிணைக்கு அப்பால் செவிக்கருவி மாட்டிய பெண்கள் கடலின் இரகசியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும், ஒருவன் சொன்னதை இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார். பிளெட்ச்லியின் ஒழுங்கும் அதுவே. ஒரு குடிசையில் நடப்பது அடுத்த குடிசைக்குத் தெரியாது.

இப்பெண்களை வைத்து இப்போது புதினங்கள் பெருகியுள்ளன. கேட் குவின் 2021-இல் வெளியிட்ட 'ரோஸ் கோட்' அவற்றுள் பெயர்பெற்றது. மூன்று தோழியர், காதல், கூட இருந்தே குழிபறிக்கும் துரோகி, மனநோய் விடுதியில் பூட்டப்பட்ட ஒருத்தி என்று விறுவிறுப்பாகவே போகிறது. பெண்ணைப் பற்றி எழுதினால் காதல் இல்லாமல் ஓடாதா என்று நம் நண்பர் ஒருவர் சினந்தார். நமக்கு அந்தச் சினம் இல்லை. மேவிஸ் லீவர் உண்மையிலேயே அங்கே காதலித்தாள். உடன் பணியாற்றிய கீத் பேட்டியை 1942-இல் மணந்தாள். நம் குறை வேறு. காதலனிடம் சொல்வதா, வேண்டாமா என்னும் தத்தளிப்பைக் கதைகள் கொண்டாடுகின்றன. இரகசியத்தின் தேவை தீர்ந்த பிறகும் பல ஆண்டுகள் வாய்பூட்டு நீடித்ததே, அது அறமா என்று நின்று கேட்கும் கதை அரிது. உண்மையை அறிந்தவளைப் பைத்தியம் என்று பூட்டிவைக்கலாம் என்பதைக் காட்டிய வகையில் குவின் நம் பாராட்டுக்குரியவர்.

வாய்மையை உயிரென மதிப்பவள் மறைசெய்தியைக் காக்க முடியுமா? நூர் இனாயத் கானின் வாழ்வு இதற்கு விடை. இந்தியத் தந்தைக்கு 1914-இல் மாஸ்கோவில் பிறந்தவர். திப்பு சுல்தானின் வழிவந்தவர். புத்த சாதகக் கதைகளைச் சிறுவர்க்காக எழுதியவர். பொய் பேசாதே என்ற சூஃபி நெறியில் வளர்ந்தவர் என்பதால், இவர் ஒற்றுப் பணிக்கு ஆகமாட்டார் என்று பயிற்சியாளர்கள் ஐயுற்றனர். 1943 ஜூனில் பாரிசுக்குத் தந்தி இயக்குநராகச் சென்றார். வலை விரித்துத் தோழர்களைப் பகைவர் வாரிச் சென்றபோதும், திரும்பி வர மறுத்துத் தந்தியைத் தட்டிக்கொண்டே இருந்தார். அக்டோபரில் பிடிபட்டார். அனுப்பிய செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அது பகைவரிடம் சிக்கி, பெருங்கேடு விளைத்தது. இதை மறைத்து அவரைத் தெய்வமாக்க நாம் விரும்பவில்லை. ஆனால் விசாரணையில் அவர் வாய் திறக்கவில்லை. தப்பியோட முயன்று அகப்பட்டபின், சிறையில் பல மாதம் சங்கிலியில் கிடந்தார், அப்போதும் திறக்கவில்லை. 1944 செப்டம்பர் 13 அன்று டாக்கௌ முகாமில் சுட்டுக் கொன்றனர். பொய் சொல்லத் தயங்கியவர் உயிர் போகும் வரை மௌனம் காத்தார்! மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு என்று நூல் நூலாக எழுதுவோர் இந்த ஒரு வாழ்வைப் பார்க்கட்டும்.

மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். 1943-இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை திரண்டது. மலாயாவின் இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அதில் மிகுதி. அதே விடுதலைப் படைக்காக இரங்கூனில் உளவு வேலை செய்ததாகச் சொன்னவர் சரஸ்வதி ராஜாமணி. பதினாறு வயதில், ஆண்பிள்ளை வேடத்தில், வெள்ளையர் முகாம்களில் எடுபிடியாக நுழைந்து செய்தி திரட்டியதாக அவர் விரித்துரைத்தார். 2018-இல் சென்னையில் மறைந்தார். அவர் சொன்னவற்றுக்குப் பெரும்பாலும் அவர் வாய்மொழியே சான்று. தாளைக் காட்டு, இல்லையேல் நம்பமாட்டோம் என்று நம்மவர் சிலர் துள்ளுகின்றனர். கேளுங்கள், கேட்பது நம் கடமை. சரிபார்க்கச் சொன்னவர் வள்ளுவர். ஆனால் வென்ற படையின் தாள்கள் காப்பகத்தில் தூங்குகின்றன, தோற்ற படையின் தாள்கள் தீயில் போகின்றன என்பதையும் நினைவில் வைத்துக் கேளுங்கள். ஐயத்தை ஆண் வீரர்களின் வாய்மொழிக்கும் அதே அளவில் பங்கிட்டுக் கேளுங்கள்.

கொழும்பில் ஒருத்தி ஜப்பானியரின் இரகசியத்தைப் பறித்தாள். அந்த ஜப்பானியரோடு கூட்டுச்சேர்ந்த படைக்கு இரங்கூனில் ஒருத்தி வேலை செய்தாள். இருவருமே வாய் காத்தவர்கள். அப்படியானால் வாய் காப்பது மட்டும் அறம் ஆகாது. யாரைக் காக்க மறைத்தாள், மறைக்க ஒப்பியது அவள்தானா, அந்தக் காவலுக்கு முடிவுநாள் உண்டா என்று கேட்டாக வேண்டும். பிளெட்ச்லிப் பெண்கள் செய்தி இன்னதென்று தெரிந்து, கடலில் போகும் மாலுமியின் உயிருக்காக, கையெழுத்திட்டு வாய் மூடினர். அதுவரை அது அறமே. போர் முடிந்த பின்பு அதே மௌனம் அவர்களுடைய உழைப்பையே விழுங்கியது. அரசு அவர்களுக்கு நினைவுச் சின்னம் அளிக்கத் தொடங்கியது 2009-இல். அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டனர்!

குந்தியின் கதையில் செய்தியும் அவளுடையது, பிள்ளையும் அவளுடையது. ஆனால் அவள் காத்தது குலத்தின் மானத்தை. அதற்கு விலையாக ஆற்றில் போனவன் அவள் மகன்.

நாம் பாடம் சொல்லும் உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வீடுகளிலிருந்தும் தறியோடும் வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். ஒருத்தியின் இடம் திடீரென்று வெறிச்சோடிக் கிடக்கும். அவள் எங்கே என்றால் தோழியர் தலை கவிழ்வர். உறவிலேயே திருமணம் பேசி முடித்திருப்பார்கள். அல்லது அதைவிடக் கொடிய ஒன்று வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கும். அந்தச் சிறுமிகளுக்கு எல்லாம் தெரியும். "வெளியில சொல்லக்கூடாதுங்க சார்" என்பார்கள். பெண்ணுக்கு இரகசியம் காக்கத் தெரியாது என்று சொல்லும் அதே ஊர்தான், பதினான்கு வயதுச் சிறுமியின் நெஞ்சில் இத்தனை பெரிய பூட்டைப் பூட்டி அனுப்புகிறது. இதிலே காக்கப்படுவது மாலுமியின் உயிரன்று. தவறு செய்தவனின் நடமாட்டம்.

ஆகவே மேவிஸ் லீவரின் கதையை வகுப்பில் சொன்னோம். 'எல்' இல்லாத தாளைச் சொன்னபோது சிரித்தார்கள். முப்பது ஆண்டு மௌனத்தைச் சொன்னபோது, முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"இனிமே சொல்லலாம்னு அவங்ககிட்ட யார் சார் சொன்னாங்க?"

யாரும் வந்து தனியாகச் சொல்லவில்லை, புத்தகம் வெளிவந்த பிறகுதான் துணிந்தார்கள் என்றோம். அவள் உட்காரவில்லை. "அப்போ நாங்க சொல்லணும்னா யார்கிட்ட சொல்றது?" என்றாள். கரும்பலகையில் 1098 என்று எழுதினோம். சிறுவர்களுக்கான உதவி எண், காசில்லாமல் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், பெயர் சொல்லாமலும் பேசலாம் என்று விளக்கினோம். மணி அடித்தது. பலகையைத் துடைக்கவேண்டாம் என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனோம்.