நீச்சலுடையும் நாணமும்

இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் நமக்குக் கடல் புதிதன்று. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் என நம் ஊர்கள் பலவும் அலையோசை கேட்டே விழித்து, அலையோசை கேட்டே உறங்குபவை. முத்துக் குளித்தவர்களும் மரக்கலம் ஓட்டியவர்களும் நம் முன்னோருள் இருந்தனர். ஆயினும், பெண்ணொருத்தி நீரில் இறங்கும்போது எதை உடுத்த வேண்டும் என்ற வினாவை நாம் பொறுமையோடு அமர்ந்து ஆராய்ந்ததில்லை. நீச்சலுடை என்ற சொல் காதில் விழுந்ததுமே முகஞ்சுளித்து அப்பால் நகர்ந்துவிடுகிறோம். முகச்சுளிப்பு ஒரு விடையாகாது. எனவே இன்று இவ்வினாவின் முன் சற்று நின்று சிந்திப்போம்.

நீச்சலுடையை உலக மேடையில் ஏற்றியவை அழகுப் போட்டிகள். 1951-இல் இலண்டனில் எரிக் மோர்லி என்பவர் நடத்திய பிக்கினிப் போட்டியே ‘உலக அழகி’ப் போட்டியாக வளர்ந்தது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு நிகழ்ச்சி. 1951-ஆம் ஆண்டுக்கான ‘மிஸ் அமெரிக்கா’வாகத் தேர்வுபெற்ற யோலாண்ட் பெட்பீஸ், இனி நீச்சலுடையில் காட்சி தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். போட்டிக்குப் பொருளுதவி செய்து வந்த கேட்டலினா என்ற நீச்சலுடை நிறுவனம் சினங்கொண்டு விலகி, 1952-இல் ‘பிரபஞ்ச அழகி’ப் போட்டியைத் தோற்றுவித்தது. ஆகவே அழகைக் கொண்டாடப் போட்டி பிறந்தது, அதில் ஆடை பிற்பாடு நுழைந்தது என்று எண்ணுவது தவறு. ஆடையை விற்கவே ஒரு போட்டி பிறந்தது. அதற்குப் பெண் விளம்பரப் பலகையானாள்.

1966-இல் உலக அழகியான ரீட்டா ஃபாரியா, பம்பாயில் மருத்துவம் பயின்ற மாணவி. இப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணும், முதல் ஆசியப் பெண்ணும் அவரே. கடன் வாங்கிய நீச்சலுடையோடும் கையில் மூன்று பவுன் பணத்தோடும் அவர் இலண்டன் சென்றார். கடன் வாங்கிய உடை அவருடைய உயரத்துக்குப் பொருந்தவில்லை. கையிருந்த பணத்தில் அங்கேயே வேறொன்று வாங்கிக்கொண்டார். பட்டத்துக்குரிய ஓராண்டு கழிந்ததும் திரைப்படமும் விளம்பரமும் வேண்டாமென ஒதுக்கி, மருத்துவப் படிப்புக்கே திரும்பினார். மேடையில் அளக்கப்பட்ட எதுவும் அவருடைய வாழ்வைத் தீர்மானிக்கவில்லை. அங்கே எவரும் அளவாத அறிவும் உறுதியும் தீர்மானித்தன. இது நம் சிந்தனைக்குரியது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல் உலக அழகிப் போட்டி பெங்களூரில் நடந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. நீச்சலுடைச் சுற்றை மட்டும் செய்ச்செல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். நமக்கு அண்மையிலுள்ள மதுரையில் ஓர் இளைஞர் இப்போட்டியை எதிர்த்துத் தீக்குளித்து உயிர் துறந்தார். எங்கோ யாரோ உடுத்தும் ஆடைக்காக ஓர் உயிர் போயிற்று! பண்பாட்டைக் காக்கும் வழி இதுவாகுமா? போட்டியோ தடையின்றி நடந்தேறியது. பின்னர் 2015 முதல் அந்நிறுவனமே நீச்சலுடைச் சுற்றைக் கைவிட்டது. ‘மிஸ் அமெரிக்கா’ 2018-இல் கைவிட்டது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் மீனவப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அப்பாசிகளை அவர்கள் அழைப்பர். சேலையை இழுத்துச் செருகி, அதன்மேல் ஆண்களின் சட்டையை அணிந்து, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாதங்களில் தகடு கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மூழ்கி எழுகிறார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற உலக அமைப்பின் பரிசு கிடைத்தது. கடல்வளம் அழியாதபடி தம் தொழிலுக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்ட பெண்களின் தலைவி அவர்.

அந்தச் சட்டையும் சேலையும் நீச்சலுடைதான். உண்மையில், நனையாத மேடையில் நடக்கும் உடையைவிட, கடலில் நனையும் இந்த உடைக்கே அப்பெயர் பொருந்தும். ஈரத்தில் துணி உடலோடு ஒட்டத்தான் செய்யும். ஆயினும் அப்பெண்களைக் கண்டு நாணமற்றவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஈரச்சேலையோடு கரையேறும்போதும் எவரும் அவ்வாறு சொல்வதில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது? துணியின் அளவில் மட்டும் இல்லை. அவர்கள் எதற்காக இறங்குகிறார்கள், பிறர் எவ்வாறு பார்க்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

நோக்கம் நல்லதானால் எதையும் உடுத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு நாம் கூறவில்லை. மார்க்கம் ஆடைக்கு வரம்பு வகுத்திருக்கிறது. அவ்வரம்பை நாம் மதிக்கிறோம். ஆனால் திருக்குர்ஆனின் ‘அந்நூர்’ அத்தியாயத்தில் இவ்வரம்பு சொல்லப்படும் வரிசையைக் கவனியுங்கள். முப்பதாம் வசனம் ஆண்களை நோக்கிப் பார்வையைத் தாழ்த்துமாறு பணிக்கிறது. அதன் பின்னரே, முப்பத்தோராம் வசனத்தில், பெண்களுக்கான கட்டளை வருகிறது. நாமோ இரண்டாவதை நாள்தோறும் பேசுகிறோம்; முதலாவதை மறந்துவிடுகிறோம். நாணம் இரு கண்களுக்கும் உரியது. ஒருவர் மீது மட்டும் சுமத்தப்பட்டால் அது நாணமாகாது, காவலாகிவிடும்.

2016-இல் பிரான்சு நாட்டின் கடற்கரை நகரங்கள் சில, உடல் மறைக்கும் ‘புர்கினி’ உடைக்குத் தடை விதித்தன. அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் ஆகஸ்ட் 26-இல் ஒரு நகரின் தடையை நிறுத்தி வைத்தது. ‘அவிழ்’ என்று அதட்டுவதும் அறமன்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் போட்டியில் ஹலீமா ஏடன் என்ற சோமாலிய வம்சாவளி முஸ்லிம் பெண் புர்கினி அணிந்து மேடையேறினார். அவருடைய துணிவை மெச்சுவோர் நம்மிலும் உண்டு. தம் உடையைத் தாமே தேர்ந்துகொண்ட உறுதியை நாமும் மதிக்கிறோம். ஆயினும் அங்கே உடை நீண்டதேயன்றி, அளவுகோல் மாறவில்லை. முழுதும் மறைத்து நின்றாலும், நடுவரின் மதிப்பெண்ணுக்காக நிற்பது நிற்பதுதான்.

இந்த இடத்தில் நம் வீடுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் பார்க்க வருகிறோம். நிறம் எப்படி, உயரம் எவ்வளவு, பல்வரிசை எப்படி, கூந்தல் எவ்வளவு நீளம் என்று கண்ணால் அளக்கிறோம். வெளியேறியபின் மதிப்பெண் இடுகிறோம். கைக்கூலியையும் கூட்டிப் பார்க்கிறோம். தலையை மூடிய பெண்ணொருத்தி தட்டேந்தி நிற்கும் அக்கூடத்துக்கும் அழகுப் போட்டி மேடைக்கும் இடையே துணியின் நீளம் தவிர வேறென்ன வேற்றுமை? இலண்டன் மேடையை இகழும் நாவு நம் கூடத்தையும் இகழ வேண்டுமன்றோ?

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் இறந்தோருள் ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர் என ஆக்ஸ்ஃபாம் அமைப்பு எடுத்துக்காட்டியது. பெண்கள் பலருக்கு நீந்தத் தெரியாமலிருந்ததும் அதற்கான காரணங்களுள் ஒன்றெனக் கூறப்பட்டது. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை மறவாத மண் நம்முடையது. குழந்தைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள் என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பெயரால் வழங்கிவரும் அறிவுரை. கடலோரத்தில் பிறந்த பெண்ணுக்கு நீந்தக் கற்பிக்காமல், ‘உடை சரியில்லை’ என்று கரையிலேயே நிறுத்திவைப்பது அவளைக் காப்பதாகுமா?

ஆகவே நீச்சலுடையைத் தேர்வது நமக்கும் உரிய கடமைதான், போட்டிக்காகவன்று, உயிருக்காக. கைகால் வீசி நீந்த இடங்கொடுத்து, மார்க்க வரம்பையும் காக்கும் உடையைத் தைக்க நம்மூர்த் தையற்காரர்களால் முடியாதா? பெண்களே பெண்களுக்குக் கற்பிக்க ஓரிடமும் ஒரு நேரமும் ஒதுக்க நம் ஜமாஅத்துகளால் முடியாதா? தாயும் மகளும் கூடியமர்ந்து அவ்வுடையைத் தேரட்டும். அவர்கள் நீரில் இறங்கும் நேரத்தில் நம் பார்வையைத் தாழ்த்திக்கொள்வது நம் பொறுப்பாகட்டும்.