துயில்பவனைத் தொடும் முறை

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாளையாறு வருவதற்கு முன்னால், மலைகளுக்கு நடுவே இயற்கை திறந்து வைத்த பெருவாயிலாகிய கணவாயின் காற்றுக்கு நேரே நிற்கும் ஊர் கஞ்சிக்கோடு. கேரள மின்சார வாரியம் 1995-ல் இங்கே நிறுவிய ஒன்பது காற்றாலைகள், ஒவ்வொன்றும் 225 கிலோவாட் திறனுடையவை, தென்மேற்குப் பருவக்காற்றில் ஓயாது சுழன்றுவிட்டு, காற்று அடங்கிய நாட்களில் இறக்கைகள் அசையாமல் நிற்பதைக் காணலாம். அப்படி நிற்கும் ஒன்றைப் பார்த்து, காற்றாலை தூங்குகிறது என்று சொல்லாதவர் குறைவு. அது வெறும் உபசார வழக்கா, அல்லது அதில் ஒரு தத்துவ உண்மை அடங்கியிருக்கிறதா என்பதே நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் ஐயம். நின்றுபோன அந்த யந்திரத்தின் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் சிறு கருவி மட்டும் விழித்திருக்கிறது என்பதை அறிந்த பிறகு ஐயம் வளர்ந்ததே தவிரத் தணியவில்லை.

யந்திரங்களின் உறக்கத்தைப் பற்றிப் பேசப் பாலக்காட்டுக்காரர்களுக்கு ஓர் உரிமை உண்டு. 1963-ல் டி.பி.ஜி. நம்பியார் இந்த மண்ணில் தொடங்கிய பி.பி.எல். நிறுவனம், ராணுவத்துக்குரிய அளவு மானிகளில் ஆரம்பித்து, பிற்காலத்தில் நாடெங்கும் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியாக வந்து அமர்ந்தது. அந்தக் காலத்துப் பெட்டியை நிறுத்தினால் திரையின் நடுவே ஒரு வெண்புள்ளி தங்கி, மெல்ல மெல்லச் சுருங்கி மறையும். அதைக் கடைசி வரை பார்த்திருந்துவிட்டுத்தான் குழந்தைகள் படுக்கப் போவார்கள். கதிரை இடமும் வலமுமாக வீசும் சுற்று ஓய்ந்துவிட, சூடு ஆறாத எதிர்முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் இன்னும் புறப்பட்டு வர, அத்தனையும் ஓரிடத்திலேயே குவிவதால் எழும் புள்ளி அது. அடக்கத் தவறினால் திரையின் பாஸ்பர் பூச்சையே எரித்துவிடும் என்பதற்காக, அதை அடக்கவென்றே தனிச் சுற்று அமைத்தார்கள். பெட்டியைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உடனே பிக்சர் டியூபைத் தொடமாட்டார். கலர் டியூபின் ஆனோடில் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் தேங்கி நிற்கக்கூடும். ஸ்குரூ டிரைவரில் ஒயர் சுற்றி, எர்த்தில் இணைத்து, அதை வெளியேற்றிவிட்டே கையை நீட்டுவார். அணைந்தது வேறு, அடங்கியது வேறு என்பதை அவருக்கு எந்தச் சாஸ்திரமும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று டியூப் போய்விட்டது. தட்டையான பேனல் வந்துவிட்டது. கணிப்பொறிக்கும் திரைக்கும் நடுவே தூதனைப்போல் நிற்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். திரையை எழுப்புவதும் உறங்க வைப்பதும் அதன் பொறுப்பு. முதலில் பேனலுக்கு மின்சாரம், பிறகு படத்துக்குரிய சமிக்ஞை, கடைசியில் பின்னொளி. உறங்க வைக்கும்போது இதே வரிசை தலைகீழாக, முதலில் பின்னொளி, பிறகு சமிக்ஞை, இறுதியில் மின்சாரம். முறை பிறழ்ந்தால், மின்சாரம் பெறாத பேனலுக்குள் சமிக்ஞையின் வழியாகவே மின்னோட்டம் புகுந்து உள்ளிருக்கும் சுற்றைக் கெடுக்கலாம். திரவப் படிகத்தில் ஒரே திசை மின்னழுத்தம் தங்கிவிட்டால் பழைய படத்தின் சாயல் அழியாமல் நிற்கும். மடிக்கணினிப் பேனல்களுக்கான தரநிலையில், மின்சாரத்தைத் துண்டித்தபின் மீண்டும் கொடுப்பதற்கு முன் அரை விநாடி காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கோடிக்கணக்கான கணக்குகளை அரை விநாடியில் முடித்துவிடும் யந்திரம், அந்த அரை விநாடியும் கைகட்டி நிற்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பிருகதாரண்யக உபநிஷதம். ஜனகனுக்கு யாக்ஞவல்கியர் கனவையும் துயிலையும் விளக்கும் இடத்தில், உறங்குகிறவனைத் திடுமென எழுப்பலாகாது என்ற பெரியோர் வழக்கு எடுத்துச் சொல்லப்படுகிறது. உறக்கத்தில் உடலை விட்டு வெளியே சென்ற புருஷன் தன் பழைய இடத்துக்குச் சரிவரத் திரும்பாமற்போனால், அதனால் நேரும் கேட்டுக்குச் சிகிச்சை அரிது என்பது அதற்குக் காரணம். நம் வீடுகளில் தூங்கும் பிள்ளையை அதட்டி எழுப்பாமல் தலையைத் தடவி எழுப்பும் பாட்டிமார்கள் உபநிஷதம் ஓதியவர்கள் அல்லர்.

ஆனால் உறக்கத்தின் வரிசையை நுட்பமாகச் சொன்னது, என் சிற்றறிவுக்கு எட்டியவரை, தமிழ்ச் சைவ சித்தாந்தமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் ஓர் உவமை வருகிறது. சேனையோடு பவனி சென்ற அரசன் அரண்மனைக்கு மீளும்போது, பரிவாரத்தை வாயில்தோறும் விட்டுவிட்டு, அங்கங்கே காவலும் வைத்து, முடிவில் தனியனாக அந்தப்புரம் புகுகிறான்; ஆன்மாவும் அவ்வாறே உடலினுள் இறங்குகிறது, பிராணன் மெய்க்காவலாக நிற்கிறது என்கிறார். கணக்கும் திட்டமாக உண்டு: சாக்கிரமாகிய விழிப்பில் நெற்றியில் முப்பத்தைந்து கருவிகள், கனவில் கண்டத்தில் இருபத்தைந்து, சுழுத்தியாகிய ஆழ்துயிலில் இதயத்தில் மூன்று, துரியத்தில் நாபியில் இரண்டு, துரியாதீதத்தில் மூலாதாரத்தில் ஒன்று. எல்லாம் ஒருங்கே அணைவதில்லை. ஒவ்வொன்றாக, உரிய இடத்தில், உரிய காவலோடு விடைபெறுகின்றன. இந்த ஐந்துக்கும் அவஸ்தை என்று பெயர். அவஸ்தை என்றால் இன்று துன்பம் என்றே பொருள் கொள்கிறோம். நிலை என்பதே அதன் முதற்பொருள்.

1993-ல் திரைகளுக்கென்று வகுக்கப்பட்ட தரநிலையிலும் விழிப்பு முதல் நிறுத்தம் வரை நான்கு நிலைகள் உண்டு. உடனே மாண்டூக்கிய உபநிஷதம் சொல்லும் நான்கு நிலைகளையும் இவற்றோடு ஒட்டிவைத்து, முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று மேடையில் முழங்கும் ஆசை சிலருக்கு வரலாம். அது வீண் வேலை. மாண்டூக்கியத்தின் நான்காவது, மற்ற மூன்றுக்கும் அடியாதாரமான ஆத்ம சொரூபம். திரையின் நான்காவதோ வெறும் நிறுத்தம். எண் ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போகும் என்பது சோதிடர்க்கு அழகாக இருக்கலாம், சிந்திப்பவர்க்கு அழகன்று.

ஒப்புமை உயிர்பெறுவது வேறோர் இடத்தில். டிரைவர் எழுதுவோர் செய்யக்கூடிய பெரும்பிழை, எதிரே இருப்பது விழித்திருக்கிறதா என்று அறியாமலே அதைத் தொடுவது. உறங்கும் கருவியின் ரிஜிஸ்டர் என்னும் உட்பதிவிடம் ஒன்றைப் படிக்க முயன்றால், சில சில்லுகளில் விடை வராமலே முழுக் கணிப்பொறியும் உறைந்து நின்றுவிடும். இதைத் தவிர்க்க உதவும் ஓர் ஏற்பாடு லினக்ஸ் இயங்குதளத்தில் 2009-ல் வந்தது: கருவி வேண்டும் என்பவர் தொடுமுன் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும், கணக்கு பூஜ்யமானால்தான் கருவி கண்மூடலாம். கூட்டியவர் குறைக்க மறந்தால் அதற்கு என்றும் உறக்கமில்லை. ஒருவரே இருமுறை குறைத்துவிட்டால், மற்றொருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அது உறங்கிப்போகும். பிருகதாரண்யகத்திலேயே, அரசன் அஜாதசத்ருவும் கார்க்கியரும் உறங்கும் மனிதன் ஒருவனிடம் சென்று பெரும் பெயர்கள் பல சொல்லி அழைக்க, அவன் எழவில்லை. கையால் தொட்டு அசைத்தபோதே எழுந்தான். பெயரால் எழாதவன் ஸ்பரிசத்தால் எழுந்தான் என்பதிலிருந்து, அவ்வளவு நேரமும் இந்த அறிவுமயமான புருஷன் எங்கே இருந்தான் என்ற விசாரத்துக்கு அரசன் போகிறான். எழுப்புவதற்கென்று ஒரு வழி இருக்கிறது, பேசுவதற்கென்று வேறு வழி. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் டிரைவர் எழுதுகிறவர் இடறுகிறார்.

இனி, எழுந்தவன் உறங்கியவனேதானா என்ற கடினமான கேள்வி. மின்சாரம் முற்றிலும் அற்றுப்போகும் ஆழ்ந்த நிலையில் கருவியின் ரிஜிஸ்டர்கள் யாவும் தம் மதிப்பை இழக்கின்றன. டிரைவர் அவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் எழுதிவைத்திருந்து, எழுந்தவுடன் ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதுகிறது. நேற்றைய தன்னைப் பற்றிய அறிவு கருவியிடம் இல்லை, பிறன் கையில் இருக்கிறது. ஆன்மா தானே அறியவல்லதன்று, காட்டுவான் ஒருவன் உடனிருந்து காட்டவே காண்கிறது என்னும் சித்தாந்தி இதைக் கண்டால் மகிழ்வார். அத்வைதியோ வேறோர் அனுபவத்தைச் சான்றாக எடுப்பார்: சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியவில்லை என்று விழித்தவன் சொல்கிறானே, அந்த அறியாமையைக் கண்டிருந்தவன் யார்? சாந்தோக்கியத்தில் இந்திரன் பிரஜாபதியிடம் திரும்பி வந்து, ஆழ்ந்த துயிலில் ஒருவன் தன்னையும் அறியவில்லையே, அழிந்தே போனான் போலும் என்று முறையிட்டதும் இங்கேதான்.

திரை அப்படி முறையிடாது. சுகமாகத் தூங்கினேன் என்றும் சொல்லாது. வாயில்தோறும் காவல் இருக்கிறது, வரிசை இருக்கிறது, மெய்க்காவலும் இருக்கிறது. அந்தப்புரத்தில் அரசன் மட்டும் இல்லை. காற்றாலை தூங்குகிறது என்ற பேச்சு, ஆகையால், முக்கால் பங்கு உண்மை என்பது என் முடிவு. ஆயினும் அரசன் இல்லாத அரண்மனையின் காவலையும் முறைப்படியே நடத்த வேண்டியிருக்கிறது என்பது சாதாரண விஷயமன்று. நம் கோயில்களில் அர்த்தசாமத்தில் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வதும், விடியலில் பள்ளியெழுச்சி பாடி எழுப்புவதும், உறங்காதவன் என்று அறிந்தே உறக்கத்தின் முறையைக் கைக்கொள்ளும் செயல்கள். அங்கே அரசன் உண்டு, உறக்கம் இல்லை.

2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. இன்று கஞ்சிக்கோட்டு மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே கருவிகளுக்கு நிரல் எழுதப் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள், சித்தியாரின் சுபக்கம் என்னும் பகுதியில் அந்த அரசன் உவமை வரும் நான்காம் சூத்திரத்தை, உரையோடு, ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.