கூட்டுத் தொண்டும் கணக்கும்

தொண்டு என்னுஞ் சொல் நம் சமயத்தில் மிகவும் பெருமை வாய்ந்தது. ஈசனுக்கு ஆட்பட்டார் செய்யும் அடிமைத் தொழிலையே நம் முன்னோர் அச்சொல்லாற் குறித்தனர். திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படை தாங்கித் திருக்கோயில் முன்றில்களிற் புல் செதுக்கிய செயலும், இளையான்குடி மாற நாயனார் நள்ளிரவில் மழையில் நனைந்து விதைநெல் வாரிக்கொணர்ந்து அமுதளித்த செயலும் ஒருங்கே தொண்டென்று பேசப்பட்டன. அச்சொல் இக்காலத்தே தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பெரிதும் வழங்கி வருகின்றது. ஆண்டு அதன் பொருள் திரியாது நிற்கின்றதா என்று ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

சில திங்கட்கு முன், மறைமலை நகர்ப் பக்கத்தே ஒரு தொழிற்சாலையிற் கணக்கராயிருக்கும் சைவ இளைஞர் ஒருவர் எம்பால் வந்து, "ஐயா, எங்கள் முதலாளிகள் திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமையில் எங்களையெல்லாம் ஒருங்கு கூட்டி ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்கின்றார்கள். எல்லோர்க்கும் ஒரே நிறச் சட்டை. குப்பை பொறுக்குகின்றோம், மரக்கன்று நடுகின்றோம், படம் எடுக்கின்றார்கள். விருப்பமுள்ளார் வரலாம் என்பது அறிவிப்பு. ஆயினும் வாராதார் பெயர் குறிக்கப்படுகின்றது. இதனைத் தொண்டென்று கொள்ளலாமா? போகாதொழிந்தால் எனக்குக் குற்றம் உண்டாகுமா?" என்று வினவினார். உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. பன்னாட் சிந்தித்துக் கண்டவற்றை இங்கு எழுதுகின்றோம்.

இவ்வினா அவர் ஒருவர்க்கே உரியதன்று. 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் காஞ்சிபுர மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான செங்கற்பட்டில், மறைமலையடிகள் பெயர் பூண்ட மறைமலை நகர்த் தொழிற்சாலைகளும், பரனூர்ப் பக்கத்து மகேந்திரா நகரமும், சிறுசேரி மென்பொருட் பூங்காவும் உள்ளன. ஏரிகள் நிறைந்த நாடு இது. செங்கற்பட்டு நகரை ஒட்டியே கொளவாய் ஏரி கிடக்கின்றது. கிழக்கே மாமல்லபுரக் கடற்கரை நீண்டு செல்கின்றது. ஆதலின் ஊழியர் குழுக்கள் பணிக்கு இடந்தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை.

இவ்வழக்கம் பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணமாம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயேனும், விற்றுவரவு 1000 கோடியேனும், நிகர ஆதாயம் 5 கோடியேனும் உடைய கம்பெனிகள், முந்திய மூன்றாண்டு ஆதாயச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிடல் வேண்டுமென்பது அதன் விதி. இது பணத்தைப் பற்றியது. ஊழியரின் உழைப்பைப் பற்றி 2016-ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட விளக்கமோ, ஊழியரை இப்பணிகளில் ஈடுபடுத்துதல் ஊக்கத்தக்கதென்றும், ஆயினும் அவர் ஊதியமின்றிச் செய்யும் உழைப்பைப் பணமாக மதித்து அச்செலவுக் கணக்கிற் சேர்த்தல் ஆகாதென்றும் கூறிற்று. சட்டம் வகுத்தார் சித்தாந்தம் நோக்கி இதனைக் கூறினாரல்லர். எனினும் நம் வினாவிற்குரிய விடையின் வித்து இதன்கண் உளதென்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

இனி, இதன்மேல் எழும் தடைகளை ஆராய்வோம்.

"செயல் நிகழ்ந்ததா என்பதே நோக்கற்பாலது, கருத்தை நோக்குதல் எற்றுக்கு? ஏரி தூய்மையாயிற்றெனின் அதன் நீருண்ணும் ஆவும் பறவையும், செய்தார் உள்ளத்தை ஆராய்ந்தோ உண்ணும்?" என்பார் ஒரு சாரார். அவர் கூற்று நீரைப் பற்றிய அளவில் மெய்யே. செய்த உயிரைப் பற்றிய அளவில் அஃது அமையாது. தக்கன் வேள்வி விதிவழுவாது தொடங்கப்பட்டும் தீவினையாய் முடிந்தது. சண்டீசர் தந்தையின் தாளை வெட்டியது கொடுஞ்செயலாயிருந்தும் சிவபுண்ணியமாய் முடிந்தது. இவ்விரண்டனையும் எடுத்துக்காட்டி, வினையின் தன்மை செய்தார் அன்பினாலே வேறுபடுமென்று சிவஞான சித்தியார் நிறுவுதலை அன்பர்கள் அறிவர். ஆகவே ஏரிக்கு ஒரு பயனும், ஏரியிற் குனிந்தவனுக்கு வேறொரு பயனும் உண்டென்று பிரித்துக் கோடலே முறை.

"அற்றேல், முதலாளி அழைப்புக்கு அஞ்சிச் சென்றவனுக்கும், பெயர் கருதிச் சென்றவனுக்கும் பயன் சிறிதும் இல்லை போலும்" எனின், அதுவும் அன்று. திருமறைக்காட்டில் நெய்யுண்ண விழைந்து விளக்கின்மேற் பாய்ந்த எலி, மூக்குச் சுட்டுத் திரியைத் தூண்ட, அணையும் விளக்கு ஒளிர்ந்தது. அவ்வெலி பின்னர் மாவலியாய் உலகாண்டதென்பது நம்மவர் போற்றும் வரலாறு. அறியாது செய்ததனையும் இறைவன் ஏன்றுகொள்ளுதலின், அபுத்திபூர்வ சிவபுண்ணியம் என்றொரு பகுதியை நம் ஆசிரியர் வகுத்தனர். ஆயின் ஒன்று நினைவிற் கொள்ளற்பாலது. அங்கு வெளிப்பட்டது இறைவன் கருணையே, எலியின் தகுதியன்று. நெய்க்குச் சென்றாலும் போதுமென்று அதனை யாரும் தமக்கு விதியாக்கிக் கொள்ளலாகாது. அறியாமையால் நேர்ந்ததற்கு அருள் உண்டு; அறிந்தே ஆதாயங் கருதியதற்கு அவ்வெலியைச் சான்று கூறுதல் பொருந்தாது.

"கோயிற்பணியன்றே சரியை, ஏரியும் கடற்கரையும் அதன்பாற் படுமா?" என்பது மற்றொரு தடை. நடமாடுங் கோயிலாகிய அடியார்க்கு ஈந்தது இறைவனைச் சேருமென்று திருமூலர் கருதினர். அவர் குறித்தது அடியாரையே எனினும், உயிர்தோறும் உயிர்க்குயிராய் இறைவன் நிற்றல் நம் கோட்பாடாகலின், அந்நினைவோடு உயிர்கட்குச் செய்வதும் அவன்பாற் செல்லாதொழியாது. அந்நினைவின்றிச் செய்வது பசுபுண்ணியமாய் நின்று, பயன் கொடுத்துத் தேய்ந்தொழியும். அதுவும் பழிக்கத்தக்கதன்று, ஆயின் அதனோடு நின்றுவிடல் சைவ நன்மக்கட்கு அழகன்று.

இனி, கட்டாயத்தைப் பற்றிக் கூறுவோம். நீர்நிலை காத்தற்கு ஊரார் கூடி உழைத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த உத்தரமேரூரின் கல்வெட்டுக்கள், முதற் பராந்தக சோழன் காலத்தே, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைக் குடவோலையாற் றெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. குடிமராமத்து என வழங்கிய அவ்வழக்கம் ஆங்கிலராட்சியில் தளர்ந்தது. கரையுடைப்பைத் தடுக்க ஊரார் உழைப்பைக் கட்டாயமாக வாங்குதற்கு 1858-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே செய்தனர். தன் ஏரியென்று இறங்கியவனுக்கும் சட்டத்திற்கு அஞ்சி இறங்கியவனுக்கும் மண்வெட்டி ஒன்றே; மனம் ஒன்றன்று.

கட்டாயத்தின் குற்றத்தை மதுரையிற் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் தெளிவுறக் காட்டும். வையைக் கரையை அடைக்க வீட்டுக்கோர் ஆள் என்று பாண்டியன் பங்கு வகுத்தான். ஆளில்லாத வந்தியென்னும் முதியவட்கும் அப்பங்கு வந்தது. அவள்பொருட்டுக் கூலியாளாய் வந்த பெருமான் மேல் வீழ்ந்த பிரம்படி, அடித்த அரசன்மேலும் எல்லா உயிர்கண்மேலும் பட்டது. பங்கு வகுத்தல் தவறன்று. அவளால் இயலுமோ என்று வினவாது வகுத்ததே தவறு. இன்று, குழந்தையை வீட்டில் விட்டு வந்தவளும், முதிய தாயைப் பேணுபவனும், நெடுந்தொலைவினின்றும் பேருந்திற் போந்து வேலை செய்பவனும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் உளர். அவர் வாராமையைக் குறித்து வைப்பவர், வந்தியின் பெயரைக் குறித்து வைத்தவராவர்.

அழைப்பார்க்கு இவ்வாறு கூறினோம். செய்வார்க்கும் கூறவேண்டுவது உண்டு. செங்கற்பட்டுச் சீமையிலேயே, மறைமலை நகருக்கு அணித்தாகத் திருக்கச்சூர் உளது. திருக்கழுக்குன்றத்தை வணங்கிப் போந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் நண்பகலில் அங்குப் பசித்திருந்தார். அமுது கொண்டுவரும் பரிசனம் வந்திலர். பெருமான் ஒரு மறையவராய்த் தோன்றி, அவர் பசியைத் தாமே உணர்ந்து, வெயிலில் வீடுதோறுஞ் சென்று இரந்த சோற்றைக் கொணர்ந்து அளித்து, உடனே மறைந்தருளினார். விருந்திட்ட ஈசுவரர் என்று இன்றும் அவரை அங்கே வழிபடுகின்றனர். தொண்டின் இலக்கணம் முழுதும் இச்செயலில் அடங்கியுள்ளது. பிறர் குறையை முன்னறிந்தது ஒன்று. தாமே நடந்தது ஒன்று. இட்ட வீட்டார்க்கும் அவ்வறத்திற் பங்களித்தது ஒன்று. முகங்காட்டி நில்லாது மறைந்தது ஒன்று. தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் அத்தலம் நிற்றல் நமக்கு நல்வாய்ப்பன்றோ!

இந்நான்கனையும் உரைகல்லாக வைத்து இன்றைய கூட்டுப்பணியை உரைத்துப் பார்ப்போம். குறையறிதல் பெரும்பாலும் இல்லை. ஏரியின் உள்வாயில் மரக்கன்று நட்டு நீர் நிற்குமிடத்தைச் சுருக்குவாரும், மணலைப் பிணித்து நிற்கும் அடம்பங்கொடியைக் குப்பையென்று பிடுங்குவாரும் உளர். தை முதற் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கடற்கரை இது என்பதை அறியாது மணலைக் கிளறுவாரும் உளர். பழங்கோயிலைத் தூய்மை செய்யப் புகுந்து, கல்வெட்டின்மேற் சுண்ணாம்பு பூசி எழுத்தை மறைத்தலும் நிகழ்கின்றது. அன்பிருந்தும் அறிவில்லையேல் தொண்டு ஊறாய் முடியும். ஊராரையும், மீனவரையும், அத்துறை வல்லாரையும் முன்னர்க் கேட்டறிந்து தொடங்கலே முறை.

இட்டாரை மறவாமையும் அரிதாயிற்று. கடற்கரையில் இரண்டு நாழிகை குனிந்தவர் சாக்குகளை நிரப்பி வைத்துப் படமெடுத்துச் செல்கின்றனர். அச்சாக்குகளைச் சுமந்து செல்பவர், நாள்தோறும் அதே கரையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர். அவரை அழைத்து முன்னிறுத்தி, அவர்க்கு உரிய கூலியும் கையுறையும் உளவா என்று வினவிய குழு எத்துணை? தம் தொழிற்சாலையின் தரையைக் கழுவும் ஒப்பந்தக் கூலியாளை மறந்து, பிறவூர்த் தரையைக் கழுவப் போதலும் இவ்வினத்ததே.

இவற்றாற் கூட்டுப்பணியே வேண்டாவென்பது எம் கருத்தன்று. கூட்டத்தால் விளையும் நலம் ஒன்று உண்டு. அது தனியே பெறற்கரியது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளியபோது, முதியவராகிய அப்பர் சுவாமிகள் பிறரறியாது கூட்டத்தினுட் புக்குச் சிவிகை தாங்குவாரோடு தாமும் தாங்கினார். "அப்பர் யாண்டுளார்?" என்று வினவிய பின்னரே அவர் அங்கிருத்தல் வெளிப்பட்டது. அலுவலகத்திற் பதவியும் படியும் உண்டு. மண்கூடையைக் கைமாற்றும் வரிசையில் அவை இரா. மேலாளர் கடைநிலை ஊழியன் கையினின்றும் சேற்றுக் கூடையை வாங்கித் தலையிற் சுமப்பாராயின், அவர் நெஞ்சில் 'யான்' என்பது அவ்வளவிற்குத் தேயும். அவரே குடைக்கீழ் நின்று ஏவுவாராயின், அலுவலகம் வெயிலுக்கு வந்ததேயன்றித் தொண்டு நிகழவில்லை.

இப்பொழுது முன்னர்க் கூறிய விளக்கத்திற்கு வருவோம். ஊழியரின் கைம்மாறற்ற உழைப்பு செலவுக் கணக்கிற் சேராதென்று அரசு விலக்கிற்று. உழைப்பை விலையாக்கலாகாதென்னும் அவ்வளவில் அது நம் கருத்தோடு இயைகின்றது. பணம் விதியால் வாங்கப்பட்டது. அது கடமை, கொடையன்று. வேர்வையோ விதிக்குள் வாராது நிற்கின்றது. ஆகவே, கம்பெனியின் ஏட்டில் ஏறாத அவ்வேர்வையைச் செய்தவன் தன் நெஞ்சின் ஏட்டிலும் ஏற்றாதிருப்பானாயின் அது தொண்டு. 'யான் செய்தேன்' என்று அங்கு எழுதிக்கொண்டால் அஃது ஆகாமியமாய் மீளவும் அவனைப் பிணிக்கும். படமும் பாராட்டுத்தாளும் அவ்வேட்டின் இரண்டு பக்கங்களே. 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றூர்களிலும் இளைஞர் பலர், யார் ஏவலுமின்றி, முழங்கால் நீரில் உணவும் பாலும் சுமந்து சென்றனர். அவர் பெயர்களை யாரும் குறித்து வைத்திலர். அப்பணி முழுமையுற நின்றமைக்கு அதுவும் ஒரு காரணமென்பது எம் துணிபு.

மடாலயங்கட்கும் இதிற் கடமையுண்டு. ஞாயிறுதோறும் உழவாரப்பணிக்கு வரும் குழுக்களிற் பெரும்பாலார் அலுவலக ஊழியரே. அவர்க்குப் புல்லை எங்ஙனம் செதுக்குவது, எக்கல்லைத் தொடலாகாது என்று கற்பித்தலோடு, பணிமுடிவில் அரைநாழிகை சரியையின் பொருளை எடுத்துரைத்தலும் வேண்டும். கை முன்னர் வந்துவிட்டது. கருத்தைப் பின்னர்க் கொணர்தல் ஆசிரியர் கடன்.

எம்மை வினவிய இளைஞர்க்கு யாம் கூறியது இது: "தம்பி, மனமின்றிப் போய்ப் பொய்யாக நிற்றலினும், இயலாதென்று மெய்யுரைத்து இருத்தல் நன்று, அதிற் குற்றமில்லை. போவதாயின் முதலாளிக்காகப் போகாதே, ஏரிக்காகப் போ. படமெடுக்கும்போது சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அப்பால் நில். மறுவாரமும் அவ்வேரிக்குத் தனியே ஒருமுறை போய்ப் பார். நட்ட கன்றுக்கு நீரில்லையேல் ஊற்று. அதனை யாரிடமும் சொல்லாதே. கணக்கெழுதுதல் உன் தொழில். இந்த ஒன்றைமட்டும் எழுதாது விடு."

அவர் நகைத்து விடைபெற்றார். அண்மையிற் கோடையின்போது கொளவாய் ஏரிக்கரையில் அவரைத் தனியே ஒரு குடத்தோடு கண்டோம். அவர் எம்மைக் கண்டிலர். யாமும் அழைத்திலோம்.